இருபதில் ஒன்று

எட்டாம் வகுப்பில் விகிதக் கணக்குகளைத் திருப்புதல் செய்தபோது ஒன்றைக் கவனித்தேன். 3 : 5 = 12 : ? என்று கரும்பலகையில் எழுதினால் பாதி வகுப்பு உடனே விடை சொல்லிவிடுகிறது. "ஒரு வரைபடத்தில் 1 செ.மீ என்பது 5 கி.மீ எனில்" என்று தொடங்கினால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. இது ஆறாம் வகுப்பிலேயே படித்த பாடம்தான். முறை தெரிகிறது. ஆனால் அந்த எண்கள் எந்தப் பொருளை எப்படிச் சுருக்குகின்றன என்பது மனத்தில் பதியவில்லை.

ஓர் உண்மையான பொருளை மாணவர்களே அளந்து, சுருக்கி, கையால் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. எதைச் செய்யலாம் என்று வகுப்பில் கேட்டேன். கோயில் தேர், பேருந்து, பள்ளிக் கட்டடம் எனப் பல வந்தன. விமானம் என்றதும் அதிகக் கைகள் உயர்ந்தன. ஆறு வெள்ளிக்கிழமைகள், கடைசி இரண்டு பாடவேளைகள் என்று திட்டமிட்டோம். அந்த அனுபவத்தையும் அதில் நான் செய்த தவறுகளையும் பகிர்ந்துகொள்கிறேன்.

ஏன் இந்த விமானம்?

இன்றைய விமானத்தின் உள்ளே இருப்பது எதுவும் வெளியில் தெரியாது. முதல் உலகப் போர்க்கால விமானம் அப்படியில்லை. மரச்சட்டம், அதன்மேல் லினன் துணி, இழுத்துக் கட்டிய கம்பிகள். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஈர்க்கும் பட்டத்தாளும் நூலும் இருந்தால் நாமும் அதேபோன்ற ஒன்றைச் செய்யலாம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது எஸ்.இ.5ஏ என்ற இரட்டை இறக்கைப் போர் விமானம். இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ நகரில் இருந்த அரச விமானத் தொழிற்சாலையில் எஸ்.இ.5 வடிவமைக்கப்பட்டது. முதல் மாதிரி 1916 நவம்பர் 22 அன்று பறந்தது. 1917இல் போர்முனைக்கு வந்தது. அதன் மேம்பட்ட வடிவமே எஸ்.இ.5ஏ. இரண்டு வகைகளும் சேர்த்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. ஒரே ஒரு விமானி, மூக்குப் பகுதியில் ஒரே ஓர் எஞ்சின், மேலும் கீழுமாக இரண்டு இறக்கைகள். இறக்கை முனைகள் சற்றே சாய்வாக வெட்டப்பட்டது போல இருக்கும். வளைவுகள் குறைவு என்பதால் மாணவர்கள் வெட்டி ஒட்ட எளிது.

இன்னொரு காரணமும் உண்டு. கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராய் என்ற இளைஞர் முதல் உலகப் போரில் ஓட்டியது இந்த விமானத்தைத்தான். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

அளவுகளைச் சுருக்குதல்

கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் விமான மாதிரிகள் பெரும்பாலும் 1:72, 1:48, 1:32 என்ற விகிதங்களில் இருக்கும். 1:72 என்றால் எங்கள் விமானத்தின் இறக்கை 11 செ.மீ அளவே வரும். முப்பது பேர் சேர்ந்து வேலை செய்ய அது போதாது. மேசைமேல் நிற்க வேண்டும், வகுக்கவும் எளிதாக இருக்க வேண்டும் என்பதால் 1:20 என்று முடிவு செய்தோம். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் மேல்தோற்றம், பக்கத்தோற்றம், முன்தோற்றம் ஆகிய மூன்று படங்களை அச்செடுத்துக் குழுக்களுக்குக் கொடுத்தேன். மாணவர்கள் கணக்கிட்ட அளவுகள் இவை:

இறக்கையின் முனையிலிருந்து முனை வரை: 8.11 மீ. மாதிரியில் 40.55 செ.மீ.
நீளம்: 6.38 மீ. மாதிரியில் 31.9 செ.மீ.
உயரம்: 2.89 மீ. மாதிரியில் 14.45 செ.மீ.
இறக்கையின் அகலம்: 1.52 மீ. மாதிரியில் 7.6 செ.மீ.

வெறும் எண்களாக இருந்தவரை இதில் பெரிய ஆர்வம் எழவில்லை. "விமானியும் வேண்டுமே, அவர் உயரம் 170 செ.மீ என்று வைத்துக்கொள்வோம்" என்றேன். 8.5 செ.மீ என்று விடை வந்தது. உடனே ஒரு மாணவி தன் உயரத்தை வகுத்து, "நான் ஏழு செ.மீ.தான் டீச்சர்" என்று விரல்களால் காட்டினாள். அடுத்த பத்து நிமிடத்தில் வகுப்பு முழுவதும் சுவரில் நின்று அளந்து, தன்னைத்தானே இருபதில் ஒன்றாக்கிக்கொண்டது. விகிதம் என்றால் என்ன என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

கரும்பலகையில் நான் செய்த பிழை

இறக்கைகளுக்கு எவ்வளவு தாள் தேவை என்று கணக்கிடும்போது சறுக்கினேன். உண்மையான விமானத்தின் இரண்டு இறக்கைகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 22.7 சதுர மீட்டர். அவசரத்தில் 22.7 ÷ 20 = 1.135 சதுர மீட்டர் என்று எழுதிவிட்டேன். எல்லாரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுதவில்லை. கணக்குத் தேர்வில் பெரும்பாலும் பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பவன். அவன் அம்மா வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கிறார். "டீச்சர், நாற்பது செ.மீ இறக்கைக்கு ஒரு மீட்டர் துணிக்கு மேல எதுக்கு? அதுல எனக்கே சட்டை தச்சிடலாம்" என்றான்.

வகுப்பு சிரித்தது. நான் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. நீளமும் 20 மடங்கு குறைகிறது, அகலமும் 20 மடங்கு குறைகிறது. ஆகவே பரப்பு 20 × 20 = 400 மடங்கு குறைய வேண்டும். 22.7 ÷ 400 = 0.05675 சதுர மீட்டர், அதாவது 567.5 சதுர செ.மீ. நான் எழுதியதை அழிக்காமல் அதன்மேல் ஒரு கோடு மட்டும் போட்டேன். "இது ஆசிரியர் செய்த தவறு, கண்டுபிடித்தது இவன்" என்று சொல்லிவிட்டுச் சரியான விடையைப் பக்கத்தில் எழுதினேன்.

சரிபார்க்கவும் ஒரு வழி இருந்தது. 40.55 × 7.6 × 2 = 616 சதுர செ.மீ என்று வருகிறது. 567.5 ஏன் இல்லை என்று கேட்டேன். படத்தை வைத்துக்கொண்டு மாணவர்களே காரணம் சொன்னார்கள். கீழ் இறக்கையின் நடுவில் விமானத்தின் உடற்பகுதி இருக்கிறது. மேல் இறக்கையில் விமானியின் பார்வைக்காகக் கொஞ்சம் வெட்டப்பட்டிருக்கிறது. முனைகளும் சாய்வானவை. செவ்வகத்தின் பரப்புக்கும் உண்மையான இறக்கையின் பரப்புக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சட்டமும் தாளும்

இறக்கையின் நீளவாக்குச் சட்டத்துக்கு மூங்கில் குச்சிகள் இரண்டு. குறுக்கே விலா எலும்பு போல வரும் சட்டங்களைத் தடித்த அட்டையில் வெட்டினோம். ஒன்றை மட்டும் கவனமாக வெட்டி, அதையே அச்சாக வைத்து மற்றவற்றை வரைய வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து வரைந்த குழுவின் இறக்கை மேடுபள்ளமாக வந்தது. உடற்பகுதிக்கு அட்டைப்பெட்டி போன்ற நீண்ட வடிவம், தாங்குகால்களுக்குத் தென்னை ஈர்க்கு.

எஸ்.இ.5ஏ விமானத்தின் இறக்கைகள் நடுவிலிருந்து முனையை நோக்கி 5 பாகை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். பாகைமானியால் இந்தக் கோணத்தை வரைந்து பார்த்தால் ஒவ்வொரு 10 செ.மீ நீளத்துக்கும் சுமார் 9 மி.மீ உயர்வது தெரியும். அந்த உயரத்துக்கு அட்டைத்துண்டுகளை அடுக்கி, பசை காயும்வரை முட்டுக் கொடுத்தோம்.

பட்டத்தாளை ஒட்டும்போது கொஞ்சம் தொய்வாகத்தான் இருக்கும். அதன்மேல் தண்ணீரை மெல்லத் தெளித்தால் காயும்போது தாள் சுருங்கி விறைப்பாகிவிடும். உண்மையான விமானத்தில் இந்த வேலையைச் செய்தது டோப் என்ற செல்லுலோஸ் பூச்சு. அது லினன் துணியை இறுக்கி, காற்றும் ஈரமும் புகாமல் காத்தது. ஒரு குழு தண்ணீரை அதிகமாகத் தெளித்துவிட்டது. தாள் இழுத்த இழுப்பில் இறக்கையே முறுக்கிக்கொண்டது. மெல்லிய தாளுக்கு இவ்வளவு விசையா என்ற வியப்பு அன்றைய அறிவியல் பாடமானது.

விட்டுவிட்ட கம்பிகள்

எதைச் செய்வது, எதை விடுவது என்று ஒரு விதி வேண்டியிருந்தது. உண்மையில் 1 செ.மீ இருப்பது மாதிரியில் அரை மில்லிமீட்டர்தான். அதைவிடச் சிறியதை எங்களால் வெட்ட முடியாது. எனவே "ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான தடிமன் உள்ள எதுவும் வேண்டாம்" என்று முடிவெடுத்தோம். நியாயமான விதியாகத்தான் தோன்றியது. இறக்கைகளுக்கு இடையே குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் கம்பிகளும் இந்த விதியில் அடிபட்டுப் போயின.

அடுத்த வெள்ளிக்கிழமை அலமாரியைத் திறந்தபோது மேல் இறக்கை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. தாங்குகால்கள் உடையவில்லை, பசையும் விடவில்லை. செவ்வகமாக நின்றது இணைகரமாகிவிட்டது. மாணவர்களின் முகம் வாடிவிட்டது.

நான்கு ஐஸ் குச்சிகளை மூலைகளில் குண்டூசியால் இணைத்துச் செவ்வகம் ஒன்று செய்யச் சொன்னேன். ஒரு மூலையைத் தள்ளினால் சரிந்தது. மூலைவிட்டமாக இன்னொரு குச்சியை இணைத்தபின் அசையவில்லை. மூன்று பக்கங்களின் நீளம் மாறாவிட்டால் முக்கோணத்தின் வடிவமும் மாறாது என்பதை ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். ஆனால் அன்றுதான் அது அவர்களுக்குத் தேவைப்பட்டது.

பிறகு விமானப் படத்தை மீண்டும் பார்த்தோம். உடற்பகுதியின் கீழிருந்து மேல் இறக்கையின் வெளிப்பக்கம் வரை செல்லும் கம்பிகள், பறக்கும்போது இறக்கைகள் மேல்நோக்கி வளையாமல் பிடிக்கின்றன. மேல் இறக்கையின் நடுவிலிருந்து கீழ் இறக்கையின் வெளிப்பக்கம் வரும் கம்பிகள், தரையில் நிற்கும்போது இறக்கையின் எடையைத் தாங்குகின்றன. முன்தாங்குகாலுக்கும் பின்தாங்குகாலுக்கும் நடுவே உள்ளவை இறக்கை முறுக்கிக்கொள்ளாமல் தடுக்கின்றன. கம்பியின் தடிமன் 5 மி.மீ என்று வைத்துக்கொண்டால் மாதிரியில் 0.25 மி.மீ. தையல் நூலே போதும். கடைசி வரிசை மாணவன் வீட்டிலிருந்து ஒரு நூல்கண்டு கொண்டுவந்தான். ஈர்க்கில் சிறு துளையிட்டு நூலைக் கோத்து இழுத்துக் கட்டியதும் இறக்கை நிமிர்ந்தது. ஒரு பக்கத்தைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தால் மறுபக்கம் கோணுவதையும் கண்டார்கள்.

அப்போது ஒரு செய்தியைச் சொன்னேன். இந்த விமானத்தை வடிவமைத்தவர்களுள் ஒருவரும் சோதனை விமானியுமான ஃபிராங்க் குட்டன், 1917 ஜனவரி 28 அன்று இதன் இரண்டாவது மாதிரியை ஓட்டிச் சென்றார். இறக்கை அமைப்பில் இருந்த பலவீனத்தால் அது வானிலேயே உடைந்தது. குட்டன் உயிரிழந்தார். அதன்பிறகே இறக்கைகள் பலப்படுத்தப்பட்டன. எங்கள் மாதிரி அலமாரியில் சாய்ந்தது, நூல் கட்டிச் சரிசெய்துவிட்டோம். வகுப்பு சற்று நேரம் பேசவில்லை. பிறகு விதியை மாற்றினோம். ஒரு பாகத்தை விடுவதற்கு முன் "எவ்வளவு சிறியது?" என்று மட்டும் கேட்கக் கூடாது, "என்ன வேலை செய்கிறது?" என்றும் கேட்க வேண்டும்.

துப்பாக்கி வேண்டுமா?

இந்தப் புதிய விதிதான் என்னைச் சிக்கலில் மாட்டியது. ஐந்தாவது வாரம் வண்ணம் பூசி முடித்தோம். மேற்பகுதிக்குப் பழுப்பில் சிறிது பச்சை கலந்த நிறம். இந்த நிறப்பூச்சு வெயிலில் துணி நைந்துபோகாமலும் காத்தது. அடிப்பகுதி துணியின் இயல்பான வெளிர்நிறம். இறக்கைகளில் சிவப்பு, வெள்ளை, நீல வட்டங்கள். பக்கவாட்டில் நீண்ட புகைக்குழாய்கள், விமானிக்கு முன்னே சிறிய கண்ணாடித் தடுப்பு. மீதி இருந்தவை இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள்.

ஒன்று உடற்பகுதியின்மேல் இருந்தது. சுழலும் விசிறியின் இலைகளுக்கு நடுவே குண்டு செல்லும்படி எஞ்சினின் சுழற்சியோடு அது இணைக்கப்பட்டிருந்தது. மற்றொன்று மேல் இறக்கையில், விசிறிக்கு மேலாகச் சுடும் உயரத்தில் இருந்தது. வளைந்த தண்டவாளம் போன்ற தாங்கியில் அதைக் கீழே இழுத்துத் தோட்டாத் தட்டை மாற்றலாம். பொறியியல் நோக்கில் இரண்டுமே சுவையானவை. நான் ஆர்வமாக விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், ஒவ்வொண்ணும் என்ன வேலை செய்யுதுன்னு கேக்கணும்னு சொன்னீங்க. இதோட வேலை ஆளைக் கொல்றதுதானே? இதை வைக்கணுமா?"

"போர் விமானம்னா அப்படித்தான்" என்று சொல்லி நகர்ந்திருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. இந்திர லால் ராய் பற்றி அப்போதுதான் சொன்னேன். பிறந்தது 1898 டிசம்பர் 2. லண்டனில் பள்ளிப் படிப்பு. விமானப் படையில் சேர்ந்து, 1917இல் எஸ்.இ.5ஏ விழுந்து காயமடைந்தார். ஓய்வில் இருந்த காலத்தில் விமானங்களைப் படம் வரைந்தார். அந்த ஓவியங்களில் பல இன்றும் இருக்கின்றன. மீண்டும் போர்முனைக்குத் திரும்பி, 1918 ஜூலை 6 முதல் 19 வரை பத்து வான்வெற்றிகள் பெற்றார். அவற்றில் சில சக விமானிகளுடன் பகிர்ந்தவை. ஜூலை 22 அன்று வான்சண்டையில் பிரான்சில் விழுந்து இறந்தார். அவருடைய நூற்றாண்டையொட்டி 1998இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டது.

இறந்தபோது அவருக்கு என்ன வயது என்று கணக்கிடச் சொன்னேன். 19 ஆண்டுகள், 7 மாதங்கள், 20 நாள்கள். "எங்க அண்ணன் வயசு டீச்சர், காலேஜ் ரெண்டாவது வருஷம்" என்றான் ஒருவன். கேள்வி கேட்ட மாணவி விடவில்லை. "அவர் சுட்ட விமானத்துல இருந்தவங்களுக்கும் அண்ணன் தம்பி இருந்திருப்பாங்கதானே?" என்றாள். "ஆமாம்மா, இருந்திருப்பார்கள்" என்றுதான் நான் சொன்னேன். அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

வைப்பதா வேண்டாமா என்று மாணவர்களே பேசினார்கள். வைக்காவிட்டால் அது உண்மையான மாதிரி ஆகாது, நடந்ததை மறைப்பது போலாகும் என்றனர் சிலர். வைத்தால் அதையே எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள் என்றனர் வேறு சிலர். போர் முடிந்தபின் இதே விமானங்கள் சிலவற்றில் துப்பாக்கிகளை நீக்கிவிட்டு, 1922இல் இங்கிலாந்தில் வானத்தில் புகையால் எழுத்துகள் எழுதப் பயன்படுத்தினார்கள் என்ற தகவலை நான் சேர்த்தேன். இறுதியில் ஒரு மாணவன் வழி சொன்னான். துப்பாக்கிகளைப் பசையால் ஒட்டாமல் குண்டூசியில் செருகினோம். வேண்டும்போது எடுத்துவிடலாம். அருகில் ராயின் பெயரையும் வயதையும் எழுதிய அட்டையை வைத்தோம். "எதிரில் பறந்தவர்களும் இளைஞர்களே" என்ற வரியை அந்த மாணவி தன் கையெழுத்தில் சேர்த்தாள்.

எடை சொன்ன பாடம்

கடைசி வாரம் மாதிரியை நிறுத்துப் பார்த்தோம். உண்மையான விமானத்தின் எடை, எரிபொருளும் விமானியும் இல்லாமல், சுமார் 639 கிலோ. மாதிரி எவ்வளவு இருக்க வேண்டும்? 639 ÷ 20 என்று ஒருவன் தொடங்கினான். "முப்பத்திரண்டு கிலோவா? அரிசி மூட்டையைவிடக் கனமா?" என்று மற்றவர்களே நிறுத்திவிட்டார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 20 × 20 × 20 = 8000. விடை ஏறத்தாழ 80 கிராம்.

தராசு காட்டியது 118 கிராம். இதே மாதிரியை அப்படியே பெரிதாக்கினால் 944 கிலோ வரும். ஏன் கூடியது என்று பட்டியலிட்டார்கள். பசை அதிகம், அட்டை தடிமன், வண்ணம் இரண்டு பூச்சு. விமானத்தைக் கட்டியவர்கள் ஒவ்வொரு சட்டத்தையும் ஏன் அவ்வளவு மெலிதாகச் செதுக்கினார்கள் என்பது அப்போது புரிந்தது.

வகுப்பில் செய்ய விரும்புவோருக்கு

1. எளிதாக வகுக்கக்கூடிய விகிதத்தைத் தேர்ந்தெடுங்கள். 1:10, 1:20, 1:50 நல்லவை.
2. வெட்டுக்கத்தி வேலையை ஆசிரியரே செய்யுங்கள். கத்தரிக்கோல், பசை, நூல் வேலை மாணவர்களுக்கு.
3. ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பாகம் போதும். ஒருவர் கணக்கைச் சரிபார்ப்பவராக இருக்கட்டும்.
4. விடையை எழுதும் முன் "இது நியாயமான அளவா?" என்று கையால் காட்டச் சொல்லுங்கள்.
5. தவறாகச் செய்த பாகங்களைத் தூக்கி எறியாதீர்கள். காட்சிப்படுத்தும்போது அவற்றையும் பக்கத்தில் வையுங்கள்.
6. தொடக்க வகுப்புகளுக்கு விமானம் வேண்டாம். வகுப்பறை மேசை, தண்ணீர்த் தொட்டி போன்றவற்றை 1:10 அளவில் அட்டையில் செய்தாலே போதும்.

கற்றல் விளைவுகள் என்று எழுதினால் விகிதம், தசம வகுத்தல், பரப்பு, கன அளவு, கோணம், முக்கோணத்தின் உறுதித்தன்மை, விசை, முதல் உலகப் போர் எனப் பட்டியல் நீளும். எல்லாரும் எல்லாவற்றையும் கற்றுவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். அடுத்த தேர்வில் கடைசி வரிசை மாணவன் விகிதக் கணக்கு இரண்டையும் சரியாகச் செய்திருந்தான். மற்ற பக்கங்கள் பழையபடி வெறுமையாகத்தான் இருந்தன. ஆனால் தாளைக் கொடுக்கும்போது, "அடுத்து என்ன செய்யப் போறோம் டீச்சர்?" என்று கேட்டான். கோயில் தேர் என்று சொல்லியிருக்கிறேன். அளவு நாடாவுடன் அடுத்த வாரம் கிளம்புகிறோம்.